பனியனில் எழுதிய சாட்சி

2007 மே 23. ஏதென்ஸ் ஒலிம்பிக் அரங்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் முடிந்துவிட்டது. இன்ஸாகி அடித்த இரண்டு கோல்களால் ஏசி மிலான் 2-1 என்ற கணக்கில் லிவர்பூலை வென்றிருக்கிறது. மிலான் வீரர்கள் கத்திக்கொண்டும் கட்டித் தழுவிக்கொண்டும் இருக்க, 25 வயதான பிரேசில் வீரர் காகா புல்தரையில் முழங்காலிட்டு, கைகளை உயர்த்தி, மேலே பார்க்கிறார். அணியின் சட்டையை அவர் கழற்றிவிட்டார். உள்ளே அணிந்திருந்த வெள்ளைப் பனியனில் கறுப்பு எழுத்துகள்: 'ஐ பிலாங் டு ஜீசஸ்'. நான் இயேசுவுக்கு உரியவன்.

கால்பந்தில் கிறிஸ்தவ நம்பிக்கை என்று பேச்செடுத்தால் பலருக்கும் முதலில் நினைவில் எழுவது இந்தப் படம்தான். வெற்றி தந்த இறைவனுக்கு நன்றி சொல்லும் இளைஞன் என்றே அதற்குப் பொருள் கொள்ளப்படுகிறது. முழங்காலிட்ட உடல் அப்படித்தான் சொல்கிறது. பனியனில் உள்ள வாக்கியம் வேறொன்றைச் சொல்கிறது. அதில் நன்றி என்ற சொல் இல்லை. வெற்றி என்ற சொல்லும் இல்லை. இறைவன் அதில் முன்னிலையில் இல்லை, படர்க்கையில் இருக்கிறார். காகாவின் தாய்மொழி போர்த்துகீசியம். ஆடியது இத்தாலியக் கழகத்துக்கு. ஆட்டம் நடந்ததோ கிரேக்க நகரில். இருந்தும் வாக்கியம் ஆங்கிலத்தில். தம் இறைவனோடு பேசுகிற எவரும் அதற்கென்று ஓர் அயல்மொழியைத் தேர்ந்தெடுப்பதில்லை. உலகெங்கும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தவர்களுக்கு எழுதப்பட்ட வரி அது.

தமிழ்க் கிறிஸ்தவ வழக்கு இந்த வேறுபாட்டை நெடுங்காலமாகப் பேணிவருகிறது. ஸ்தோத்திரம் வேறு, விண்ணப்பம் வேறு, சாட்சி வேறு. முதல் இரண்டும் இறைவனை நோக்கியவை. ஆராதனைக்கு நடுவே ஒருவர் எழுந்து, நோய் தீர்ந்ததையோ கடன் அடைந்ததையோ சபையாரிடம் சொல்வது சாட்சி. நீதிமன்றத்தில் புழங்கும் அதே சொல்தான். கிரேக்கத்தில் சாட்சியைக் குறித்த 'மார்ட்டிஸ்' என்னும் சொல்லே பிற்பாடு நம்பிக்கைக்காக உயிர்விட்டவரைக் குறிக்கலாயிற்று. தமிழிலும் அத்தகையவர் இரத்தசாட்சி எனப்படுகிறார். ஆக, சாட்சி சொல்வது ஏதோ ஒரு விலைக்கு அணியமாக இருக்கும் செயல் என்ற குறிப்பு அச்சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. ஏதென்ஸில் காகாவின் முழங்கால் ஸ்தோத்திரம் செய்தது. பனியன் சாட்சி சொன்னது. ஒரே உடல், ஒரே நொடி, இரண்டு பேச்சுச் செயல்கள்.

அந்தச் சாட்சிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2000 அக்டோபரில், 18 வயதில், நீச்சல் குளமொன்றின் சறுக்கில் வழுக்கிவிழுந்து காகா கழுத்து முள்ளெலும்பை முறித்துக்கொண்டார். வாழ்நாள் முழுதும் முடங்கிப்போயிருக்கக்கூடிய காயம் அது. மூன்று மாதங்களில் சாவோ பாவ்லோ கழகத்தின் முதல் அணிக்கு வந்துவிட்டார். 2001 மார்ச்சில் ரியோ-சாவோ பாவ்லோ போட்டியின் இறுதியாட்டத்தில் மாற்று வீரராக இறங்கி இரண்டு கோல் அடித்துக் கோப்பையை வென்று தந்தார். நடக்க முடிகிறதே என்பதற்கே கடவுளுக்குக் கடன்பட்டவன் என்று அவர் அன்றுமுதல் சொல்லிவந்திருக்கிறார். இதை அறிந்தபின் பனியனைப் பார்த்தால், 'உரியவன்' என்ற சொல் இன்ஸாகியின் கோல்களுக்கு முந்தையது என்று புரியும்.

அந்த வினைக்குக் காலமும் இல்லை. 'வென்றோம்' என்பது ஓர் இரவின் நிகழ்ச்சி. 'உரியவன்' என்பது ஒரு நிலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2005 மே 25 அன்று இஸ்தான்புல்லில் இதே மிலான், இதே லிவர்பூலுக்கு எதிராக இடைவேளைக்குள் 3-0 என்று முன்னேறியிருந்தது. இரண்டாம் பாதியில் ஆறு நிமிடங்களுக்குள் மூன்று கோல் வாங்கிப் பெனால்டியில் கோப்பையை இழந்தது. காகா அன்றும் ஆடினார், தமக்குரிய பெனால்டியைத் தவறாமல் கோலாக்கினார், தோற்றார். பனியனின் வாக்கியம் அன்றிரவும் அதே அளவுக்கு உண்மைதான். இலக்கணம் அதற்கு இடம்தருகிறது, கேமரா தருவதில்லை. தோற்றவரின் சட்டைக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் தேடுவதில்லை. கால்பந்தில் சாட்சி ஏறக்குறைய எப்போதும் வென்றவரின் சாட்சியாகவே வந்துசேர்வதற்கு வீரர்களின் இறையியல் மட்டும் காரணமன்று.

இந்த ஆட்டத்தின் பிறப்பில் கிறிஸ்தவத்துக்குப் பங்கு உண்டு. ஆஸ்டன் வில்லாவும் எவர்ட்டனும் மெதடிஸ்ட் சிற்றாலயங்களைச் சேர்ந்த இளைஞர்களால் தொடங்கப்பட்டவை. சவுதாம்ப்டன் ஓர் ஆலயத்தின் இளைஞர் குழுவாகப் பிறந்தது. கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்தை நிறுவியவர் ஒரு துறவற சபைச் சகோதரர், நோக்கம் ஏழைகளுக்கு உணவு. 1927 முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்கு முன் அரங்கமே சேர்ந்து பாடும் 'அபைட் வித் மீ' மாலையையும் மரணத்தையும் பற்றிய ஞானப்பாட்டு. மொழிபெயர்ப்பில் தமிழ்த் திருச்சபைகளும் பாடுவதுதான். பந்தாட்டத்துக்கு முன் பாட இதைவிடப் பொருந்தாத பாட்டைத் தேடிப்பிடிப்பது கடினம். ஒருவேளை அதனாலேயே அது நிலைத்துவிட்டது போலும். ஆனால் இங்கிலாந்தின் கிறிஸ்தவம் கழகத்தைத் தொடங்கிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஆட்டக்காரரே தம் வாயால் இயேசுவின் பெயரைச் சொல்லும் வழக்கத்தை உலக அரங்குக்குப் பெரிதும் கொண்டுவந்தவர்கள் பிரேசில்காரர்கள்.

அதன் தொடக்கத்தில் ஒரு கோல்காப்பாளர் நிற்கிறார். பெலோ ஹொரிசோன்ச்சி நகரின் அத்லேத்திக்கோ மினேய்ரோ அணிக்காக ஆடிய ஜோவாவ் லெய்ச்சி, ஆட்டத்துக்கு முன் எதிரணி வீரர்களுக்கு வேதாகமத்தைப் பரிசளிப்பார். 'கடவுளின் கோல்காப்பாளர்' என்றே அவருக்குப் பெயர். 'கிறிஸ்துவின் விளையாட்டு வீரர்கள்' என்ற பொருள்படும் அத்லெத்தாஸ் ஜி கிறிஸ்து இயக்கம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. கத்தோலிக்கம் ஊறிய நாட்டில், வேகமாக வளர்ந்துகொண்டிருந்த சுவிசேஷ சபைகளின் குரல் அது. கத்தோலிக்க வீரர் களத்தில் இறங்கும்போது சிலுவை அடையாளம் இட்டுக்கொள்வார். அது சைகை, பழக்கம், தனக்கும் கடவுளுக்கும் இடையிலானது. சுவிசேஷ சபை வீரருக்கு அது போதாது. தனக்கு நேர்ந்ததைச் சொல்லாலே பிறரிடம் சொல்லியாக வேண்டும். சைகை எழுத்தாக மாறியதன் வேர் இங்கே இருக்கிறது.

அந்த இயக்கத்தைச் சேர்ந்த பலர் 1994 உலகக் கோப்பை அணியில் இருந்தார்கள். ஜூலை 17, பசடேனாவின் ரோஸ் போல் அரங்கு, இத்தாலிக்கு எதிரான இறுதியாட்டம். 120 நிமிடங்கள் கோல் இல்லை. பெனால்டியில் ரொபர்ட்டோ பாஜ்ஜோ உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தபோது கோல்காப்பாளர் தஃபரேல் முழங்காலில் விழுந்து இரு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார். சில அடி தொலைவில் பாஜ்ஜோ தலைகுனிந்து அசையாமல் நின்றார். தஃபரேல் கிறிஸ்துவின் வீரர், பாஜ்ஜோ பௌத்தர். இறைவன் எந்தப் பக்கம் என்ற கேலி அப்போதே கிளம்பிவிட்டது. பாஜ்ஜோ அளவுக்கு அந்தத் தொடரில் ஓர் அணியைத் தனியாகத் தூக்கிச் சுமந்தவர் குறைவு என்பதால் கேலியில் கசப்பும் கலந்திருந்தது.

கேலிக்கு அடியில் உள்ள கேள்வி உண்மையானது. 'இறைவன் எங்களுக்கு வெற்றி தந்தார்' என்ற வாக்கியத்தில் நான்காம் வேற்றுமை ஒன்றுதான் தெரிகிறது: எங்களுக்கு. ஆனால் கால்பந்தில் ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் எடுத்தாக வேண்டும். மழைக்கு நன்றி சொல்பவரும் குழந்தைப் பேற்றுக்கு நன்றி சொல்பவரும் இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. பெனால்டிக்கு நன்றி சொல்பவரின் வாக்கியத்துக்குள் சொல்லப்படாத இன்னொரு வேற்றுமை உருபு ஒளிந்திருக்கிறது, தலைகுனிந்து நிற்கும் ஒருவரின் பெயரோடு.

பிரேசில் வீரர்களிடம் கேட்டால் வேறு விடை வரும். ஆட்டம் முடிந்து ஒலிவாங்கியை நீட்டினால் வாக்கியத்தின் முதல் சொற்கள் பெரும்பாலும் 'க்ராசாஸ் அ தேவுஸ்' தான். நேர்ப்பொருள் கடவுளுக்கு நன்றி. பேருந்து நேரத்துக்கு வந்தாலும் காய்ச்சல் குறைந்தாலும் பிரேசிலில் அதே தொடர்தான். நம்பிக்கை இல்லாதவர் வாயிலும் வரும். தமிழ்க் கிறிஸ்தவர் இருவர் தெருவில் எதிர்ப்பட்டால் 'ஸ்தோத்திரம்' என்று முகமன் கூறிக்கொள்வது போல. தேய்ந்த நாணயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. முகமனாகிவிட்ட நன்றி எந்தக் கோலையும் யார் கணக்கிலும் எழுதுவதில்லை. பேசுபவர் எந்த வீட்டுப் பிள்ளை என்பதை மட்டும் காட்டுகிறது. 'இந்த வெற்றியைத் தந்தது அவரே' என்று அடுத்த வாக்கியம் தொடங்கும்போதுதான் கணக்கு எழுதப்படுகிறது.

2009 ஜூன் 28, ஜோகன்னஸ்பர்க். கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் அமெரிக்காவிடம் 0-2 என்று பின்தங்கிய பிரேசில் 3-2 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் வீரர்களும் பயிற்சிக் குழுவினரும் களத்தின் நடுவே வட்டமாகக் கூடி ஜெபித்தார்கள். காகா, லூசியோ உள்ளிட்டோர் இயேசுவின் பெயர் எழுதிய பனியன்களில் இருந்தார்கள். டென்மார்க் கால்பந்துச் சங்கத்திலிருந்து எதிர்ப்பு எழுந்தது: ஆடுகளம் மதப் பரப்புரைக்கான இடமன்று. ஃபிஃபா பிரேசில் சங்கத்துக்கு நினைவூட்டல் அனுப்பியது. சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை என்பது 2004 முதல் விதி. உள்ளாடையில் அரசியல், மத, தனிப்பட்ட வாசகம் எதையும் காட்டக்கூடாது என்பதை 2014 இல் இன்னும் இறுக்கினார்கள்.

விதி எதைத் தடுக்கிறது, எதை விட்டுவைக்கிறது என்று பார்த்தால் சுவையாக இருக்கிறது. முழங்காலிடலாம். சிலுவை அடையாளம் இடலாம். விரலை வானத்துக்கு நீட்டலாம். முகமது சலா போல் புல்லில் நெற்றி பதிக்கலாம். எழுதக்கூடாது. விதியை எழுதியவர்கள் ஸ்தோத்திரத்துக்கும் சாட்சிக்கும் உள்ள வேறுபாட்டைப் பேர்சொல்லாமலே கண்டுகொண்டுவிட்டார்கள். இறைவனை நோக்கியது அவரவர் பாடு. பார்ப்பவரை நோக்கியதற்கு அனுமதி இல்லை. ஒலிவியே ஜிரூ தம் கையில் 23 ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தை லத்தீனில் பச்சை குத்தியிருக்கிறார். தோல் உடையின் பகுதியன்று என்பதால் அது விதிக்கு வெளியே நின்றுவிடுகிறது. காகாவுக்குப் பச்சை குத்தும் வழக்கம் இருந்திருந்தால் உலகம் ஒரு படத்தை இழந்திருக்கும்.

விதியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் அணித்தலைவர்கள் பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினருக்கு ஆதரவாக வானவில் நிறக் கைப்பட்டை அணிந்தார்கள். கிறிஸ்டல் பேலஸ் தலைவர் மார்க் கேஹி, போதகர் ஒருவரின் மகன், அந்தப் பட்டையின்மேல் 'ஐ லவ் ஜீசஸ்' என்று எழுதி, 'லவ்' இருக்க வேண்டிய இடத்தில் இதயம் வரைந்திருந்தார். கால்பந்துச் சங்கம் விதியை நினைவூட்டியது. டிசம்பர் 3 அன்று இப்ஸ்விச்சுக்கு எதிரான ஆட்டத்திலும் அவர் எழுதினார். ஆனால் வாக்கியம் மாறியிருந்தது: 'ஜீசஸ் லவ்ஸ் யூ'. தண்டனை ஏதும் இல்லை. அதே ஆட்டத்தில் இப்ஸ்விச் தலைவர் சாம் மோர்ஸி, இஸ்லாமியர், தம் மத நம்பிக்கை காரணமாக அப்பட்டையை அணியவேயில்லை.

மூன்று நாள் இடைவெளியில் எழுவாய் இடம் மாறியிருக்கிறது. முதல் வாக்கியத்தில் நேசிப்பவர் தன்மை ஒருமை. இரண்டாவதில் நேசிக்கப்படுபவர் முன்னிலை. யார் அந்த 'யூ'? திட்டியவர்களா, சங்கத்தின் அதிகாரிகளா, பட்டை யாரை வரவேற்க அணியப்பட்டதோ அவர்களா? தம் செய்தி அன்பு பற்றியது, எல்லாரையும் அணைப்பது என்று கேஹி சொன்னார். அதை ஐயுறக் காரணமில்லை. எனினும் ஒரு வாக்கியத்தின் பொருள் அதன் சொற்களுக்குள் மட்டும் அடங்குவதில்லை, எந்தப் பரப்பில் எழுதப்பட்டது என்பதிலும் உண்டு. வெள்ளைப் பனியனில் எழுதுவது ஒன்று. பிறருக்கான செய்தி ஏற்கனவே இருக்கும் துணியின்மேல் எழுதுவது வேறொன்று. சிலர் அதை அன்பென்று வாசித்தார்கள். சிலர் அடித்தல் திருத்தம் என்று வாசித்தார்கள். இரண்டு வாசிப்புக்கும் அந்தத் துணி இடம்கொடுத்தது.

காகாவின் நன்றியும் ஒருமுறை தவறான முகவரிக்குப் போயிருக்கலாம். 2007 இல் உலகின் சிறந்த வீரருக்காக ஃபிஃபா அளித்த கோப்பையை அவர் தம் சபையான ரெனாசெருக்கே கொடுத்துவிட்டார். அதே ஆண்டு அச்சபையின் நிறுவனர்கள் கணக்குக் காட்டாத பணத்துடன் அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்காக அங்கே தண்டனை பெற்றார்கள். 2010 இல் காகா அச்சபையை விட்டு விலகினார். நம்பிக்கையை விடவில்லை.

தமிழில் 'நன்றி' என்ற சொல் நெடுங்காலம் நன்மையையும் உதவியையும் குறித்தது. குறளின் அதிகாரத் தலைப்பு 'செய்ந்நன்றி அறிதல்'. செய்த நன்மை ஒருபுறம். அதை அறிதல் மறுபுறம். இன்று நன்றி என்று நாவில் வருவது அந்த அறிதலைத்தான். யார், எனக்கு, என்ன செய்தார் என்று தெரிந்திருந்தாலொழிய நன்றி சொல்ல வழியில்லை என்பது பழைய தமிழின் கணக்கு. கால்பந்துக் களத்தில் அந்த அறிதல் முழுமையாக இருந்த ஒரு நேர்வு உண்டு.

2012 மார்ச் 17, லண்டனின் ஒயிட் ஹார்ட் லேன். எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி, டாட்டன்ஹாமுக்கும் போல்ட்டனுக்கும் 1-1. ஆட்டத்தின் 41 ஆவது நிமிடத்தில் போல்ட்டனின் ஃபப்ரிஸ் முவாம்பா, 23 வயது, அருகில் எவரும் இல்லாமல் முகம்குப்புற விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. ரசிகராக வந்திருந்த இதயநோய் மருத்துவர் ஆண்ட்ரூ டீனர் பார்வையாளர் பகுதியிலிருந்து களத்துக்கு ஓடினார். போல்ட்டன் அணியின் மருத்துவர் ஜோனதன் டோபினும் அவசர உதவியாளர்களும் ஏற்கனவே மார்பை அழுத்திக்கொண்டிருந்தார்கள். 15 முறை மின்னதிர்ச்சி தரப்பட்டது. 78 நிமிடங்கள் அந்த இதயம் தானாகத் துடிக்கவில்லை. பிறகு துடித்தது.

அரங்கில் இரு அணி ரசிகர்களும் சேர்ந்து அவர் பெயரை உச்சரித்தார்கள். ஆட்டம் கைவிடப்பட்டது. அடுத்த நாட்களில் இங்கிலாந்தின் கால்பந்து உலகம், நம்பிக்கை உள்ளவர் இல்லாதவர் என்றில்லாமல், ஜெபியுங்கள் என்ற சொல்லைக் கூச்சமின்றிப் பயன்படுத்தியது. செல்சியின் கேரி கேஹில் மறுநாள் கோல் அடித்தபின் தூக்கிக் காட்டிய உள்பனியனிலும் அந்தச் சொல்தான் இருந்தது. அதில் பரப்புரை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. எழுத்து அதேதான், பரப்பும் அதேதான். யாருக்காக என்பது மட்டும் வேறு.

கின்ஷாசாவில் பிறந்து 11 வயதில் இங்கிலாந்துக்கு வந்த முவாம்பா, அதே ஆண்டு ஆகஸ்டில் மருத்துவர் சொல்கேட்டு ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். தொழிலை இழந்தவர், உயிரைப் பெற்றவர். அவர் இறைவனுக்கு நன்றி சொல்கிறார். அதே மூச்சில் தம்மைக் காப்பாற்றிய மருத்துவர்களுக்கும் நன்றி சொல்கிறார். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதாக அவருக்குத் தோன்றவில்லை. எந்த எதிரணியும் அந்த வாக்கியத்தில் தோற்கவில்லை.

2014 ஜூலை 8. ஜோவாவ் லெய்ச்சி ஒருகாலத்தில் வேதாகமத்தோடு களமிறங்கிய அதே பெலோ ஹொரிசோன்ச்சியின் மினேய்ராவ் அரங்கு. உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்றது. 29 நிமிடங்களுக்குள் ஐந்து கோல். பார்வையாளர் பகுதியில் குழந்தைகள் அழுதார்கள். ஜெர்மனியின் கோல்களுக்குப் பிரேசில் ரசிகர்களே கைதட்டும் நிலை வந்தது. அன்றைய தலைவர் டேவிட் லூயிஸ், சுவிசேஷ நம்பிக்கையாளர், அந்த நாளில் மிக மோசமாக ஆடியவர்களில் ஒருவர். இறுதி விசில் ஊதியபின் அவரும் லூயிஸ் குஸ்தாவோவும் புல்தரையில் முழங்காலிட்டு, கைகளை மேலே உயர்த்தினார்கள். அரங்கம் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பனியனில் எந்த எழுத்தும் இல்லை. பிறகு டேவிட் லூயிஸ் எழுந்து, தொலைக்காட்சியின் ஒலிவாங்கி முன்னால் நின்று, அழுதுகொண்டே பிரேசில் மக்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார்.